லண்டன் வளவில பனை வருமோ? குளிரும் ஈரமும் உள்ள ஊரில பாம் (பனைக் குடும்பத்து மரங்கள்), வாழை வைக்கிற ஆக்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு ஆக்கள் வந்து இறங்குற காலமும் இஞ்ச பனம்பழம் விழுற காலமும் ஒண்டு, அதால ஒவ்வொரு வருசமும் என்னட்ட வாற கேள்வியும் ஒண்டுதான், "அண்ணை ரெண்டு பனங்கொட்டையைச் சூட்கேசுக்குள்ள போட்டுக்கொண்டு போய் அங்க தாட்டா முளைக்குமோ?" முளைக்கும். மரமா வராது. நான் கனகாலம் லண்டனுக்கு வெளியில ஒரு களிமண் வளவோட மல்லுக்கட்டிப்போட்டு இப்ப ஊரில வந்து இருக்கிறன், அதால ரெண்டு பக்கத்தையும் வைச்சு இதை ஒருக்கா வடிவா எழுதி விடுவம் எண்டு யோசிச்சன். அடுத்த முறை கேக்கிற ஆக்களுக்கு இதையே அனுப்பலாம் பாருங்கோ.

பனங்கொட்டைக் கதையை முதல் முடிச்சிடுறன். பனை முளைக்கேக்க முளை மேல வாறேல்லை, நேர கீழ இறங்கும், அந்த முளை ஆழத்தில போய் நிண்டுதான் கிழங்கு வைக்கும். அதாலதான் நாங்கள் இஞ்ச மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி கொட்டையை மேல அடுக்கி மூடிப்போட்டு தை மாசியில கிழங்கு கிண்டுறம். இதை லண்டனில ஆழமான வாளியில, வீட்டுக்குள்ள, கீழ ஹீட் மாட் எண்டுற சூடாக்குற பாயைப் போட்டுச் செய்தா கிழங்கு வரும், அவிச்சுச் சாப்பிடலாம், சந்தோசம். வெளியில நட்டா முதல் வின்டரோட சரி. தென்னையும் கமுகும் அப்பிடித்தான். அங்க கடையளில முளைவிட்ட தேங்காயைச் சாடியில வைச்சு விக்கிறாங்கள், பாக்க ஆசையாத்தான் இருக்கும், அது உள்ளுக்க இருக்கிற பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டு கொஞ்சக்காலம் நிக்கும், பேந்து இருட்டும் காய்ஞ்ச ஹீட்டர்க் காத்தும் சேர்ந்து முடிச்சுவிடும். உந்தக் காசுக்கு வேற நல்ல சாமான் வாங்கலாம். மற்றது, நடுறதுக்குக் கொண்டுபோற விதைக்கும் கண்டுக்கும் பைட்டோசானிட்டரி சான்றிதழ், அதாவது நோய் பூச்சி இல்லை எண்டுற சான்றிதழ் வேணும், அதை இஞ்ச விவசாயத் திணைக்களத்தின்ர தாவரத் தொற்றுக்காப்பு ஆக்கள்தான் தருவினம், கட்டுநாயக்காவில அலுவலகம் இருக்கு. சும்மா சீலைக்குள்ள சுத்திக்கொண்டு போய் எயார்போட்டில முழிக்காதேங்கோ.

இனி விசயத்துக்கு வருவம். எல்லாரும் குளிர்தான் பாம் மரத்தைக் கொல்லுது எண்டு நினைக்கினம். ஒரு கணக்குச் சொல்லுறன். யாழ்ப்பாணத்தில வருசத்துக்கு சராசரியா 1200 மில்லிமீட்டருக்குக் கிட்ட மழை பெய்யுது. லண்டனில 600 சொச்சம்தான், அரைவாசி! ஆனா எங்கட மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள்ள அடிச்சு ஊத்திப்போட்டு ஓடிடும், செம்மண்ணுக்குள்ளால இறங்கி கீழ சுண்ணாம்புக்கல்லுக்குள்ள போயிடும், அடுத்த நாள் வெயில் எறிச்சா மேல்மண் காய்ஞ்சிடும், மண்ணும் சூடாத்தான் கிடக்கும். அங்க தூறித் தூறி வருசம் முழுக்கப் பெய்யும். ஒக்டோபரில நனைஞ்ச களிமண் மார்ச் வரைக்கும் காயாது, ஏனெண்டா வெயிலும் இல்லை, செடியும் அந்தக் குளிருக்குள்ள தண்ணி குடிக்கிறேல்லை. வேர் காத்தில்லாமச் சேத்துக்குள்ள மாசக்கணக்கா நிக்குது, மேல குருத்துக்குள்ள தண்ணி தேங்கி உறையுது, உருகுது, திரும்ப உறையுது. கொல்லுறது அதுதான். காய்ஞ்ச மண்ணில மைனஸ் பத்தைத் தாங்குற மரம் சேத்தில மைனஸ் நாலுக்கே போயிடும். நீங்கள் கிளாஸ்கோ எண்டா வருசம் 1100க்கு மேல மழை, நோர்வேயில பெர்கன் பக்கம் எண்டா 2200க்கும் மேல, அப்ப இன்னும் கவனம். லேபிளில "மைனஸ் 15 வரை" எண்டு போட்டிருக்கிறதை நம்பி நடாதேங்கோ, அது வேர் நல்லா ஊன்றின, வடிகால் உள்ள மண்ணில நிக்கிற பெரிய மரத்துக்குச் சொன்ன கணக்கு.

அப்ப எதை வாங்குறது? முதலாவதா ட்ராக்கிகார்ப்பஸ் ஃபோர்ச்சுனி, சுருக்கமா ட்ராக்கி, சூசான் பாம் எண்டும் சொல்லுவாங்கள், சீனாக்காரப் பனை. இதை விட நம்பிக்கையான பாம் குளிர் நாட்டுக்கு இல்லை, என்ர அபிப்பிராயத்தில முதல் மரம் இதாத்தான் இருக்கோணும், வேற ஆசைகள் எல்லாம் பிறகு. விசிறி ஓலை, தண்டைச் சுத்தி எங்கட தென்னையின்ர பன்னாடை மாதிரி மண்ணிறத் தும்பு, தூரத்தில பாக்க எங்கட வடலி ஞாபகம் வரும். ரொபேர்ட் ஃபோர்ச்சூன் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் 1849இல சீனாவில இருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கும் வைட் தீவில இருந்த விக்டோரியா ராணியின்ர ஓஸ்போர்ன் மாளிகைக்கும் இதை அனுப்பினவர், அப்ப தொட்டு பிரித்தானியாவில வெளியில நிண்டு வளருது. உங்கட வளவில காத்து கூட எண்டா வாக்னேரியானஸ் எண்ட வகையைப் பாருங்கோ, அதுவும் ட்ராக்கிதான், ஓலை சின்னன், விறைப்பு, காத்துக்குக் கிழியாது. சாதாரண ட்ராக்கியின்ர ஓலை கடற்கரைக் காத்துக்குத் தும்பு தும்பாப் போயிடும், சாகாது, ஆனா பாக்க ஏலாது.

கமரொப்ஸ் ஹுமிலிஸ் மத்தியதரைக்கடல்ப் பக்கத்துச் செடி. கூட்டமா அடியில இருந்து வெடிச்சு வளரும், மட்டையில முள்ளு, பிள்ளையள் ஓடித்திரியிற இடத்தில வையாதேங்கோ. குளிரைத் தாங்கும், ஈரத்தை ட்ராக்கி அளவுக்குத் தாங்காது. பூட்டியா எண்ட பாம் சரியான வடிவு, வளைஞ்ச நீலப்பச்சை ஓலை, அதுக்கு மணல் மாதிரி வடியிற மண் வேணும். கனேரித் தீவு ஈச்சை லண்டனுக்கு நடுவில, கட்டிடச் சூடு இருக்கிற இடங்களில பெரிசா நிக்குது, அதைப் பாத்திட்டு வடக்கில லீட்ஸில இருக்கிறவர் போய் வாங்கக்கூடாது. கோர்டிலைன் பாமே இல்லை, நியூசிலாந்துச் செடி, ஆனா எல்லாரும் பாம் எண்டுதான் வாங்குறது. 2010 டிசம்பர் பிரித்தானியாவில நூறு வருசத்தில இல்லாத குளிர் டிசம்பர், அப்ப தெருத்தெருவா கோர்டிலைன் எல்லாம் வெளிறித் தொங்கினது. வெட்டி எறியாம விட்ட ஆக்களுக்குக் கனபேருக்கு அடியில இருந்து திரும்ப முளைச்சது. அரேக்கா பாம், கென்ரியா எண்டு சுப்பர்மாக்கெட்டில சாடியோட வாறதெல்லாம் வீட்டுக்குள்ள மட்டும், வெளியில கோடைக்குப் போய்வரலாம், அவ்வளவுதான்.

வாங்கேக்க ஒரு விசயம் பாருங்கோ, எல்லாத்தையும் விட குருத்து முக்கியம். பாம் மரத்துக்கு உச்சியில ஒரே ஒரு குருத்து, அது போனா அந்தத் தண்டு போச்சு, மாமரம் மாதிரி பக்கத்தால வெடிக்காது (கமரொப்ஸ் மாதிரிக் கூட்டமா வாறது வேற கதை). பழைய ஓலை மஞ்சளா இருந்தாப் பரவாயில்லை, நடுக்குருத்து பச்சையா விறைப்பா நிக்கோணும். சாடிக்குக் கீழ துவாரத்தால வெள்ளை வேர் எட்டிப்பாத்தா நல்லம். மெத்தப் பெரிய மரத்தை வாங்கிக் காசைக் கொட்டவும் வேண்டாம், இடுப்பளவு மரம் கெதியா வேர் பிடிக்கும்.

நடுற காலம் சித்திரை வைகாசி, அதாவது ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் வரை. பாம் வேர் மண் சூடாகினாத்தான் ஓடும். செப்டெம்பரில சேல் போட்டு அரைவிலைக்கு விக்கிறாங்கள் எண்டு வாங்கி நட்டா வேர் ஊன்ற முதலே வின்டர் வந்திடும், அப்பிடி வாங்கினாலும் வசந்தம் வரைக்கும் சாடியோட ஒதுக்குப்புறமா வைச்சிருங்கோ.

நட முதல் மண்ணைச் சோதிக்கோணும். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில கிடங்கு வெட்டி தண்ணியை முட்ட ஊத்துங்கோ, வத்தினாப் பிறகு திரும்ப ஒருக்கா ஊத்துங்கோ. ரெண்டாந்தரம் ஊத்தினது நாலைஞ்சு மணித்தியாலத்தில வத்தினாச் சந்தோசம். அடுத்த நாள் காலமையும் தண்ணி நிண்டா அந்த இடத்தில கிடங்கு வெட்டி நடவே கூடாது. கனபேர் செய்யிறது என்னெண்டா களிமண்ணில ஆழமா ஒரு கிடங்கு வெட்டி கீழ சல்லிக்கல்லைப் போட்டு மேல நல்ல மண்ணைப் போட்டு நடுறது. அது வடிகால் இல்லை, வளவுத் தண்ணி முழுக்க வந்து சேர்ற குளம்! தண்ணி போறதுக்கு வழி இல்லாட்டி சல்லி என்ன செய்யும்?

அப்பிடியான மண்ணில மேட்டில நடுங்கோ. நிலத்தைக் கொத்தி இளக்கிப்போட்டு, ஒரு அடி ஒண்டரை அடி உயரத்துக்கு, நாலைஞ்சு அடி அகலமா ஒரு மேடு கட்டுங்கோ. வளவு மண் பாதி, மிச்சப் பாதி கூர்மணல் இல்லாட்டி கிரிட் எண்டு விக்கிற பொடிச்சல்லி, கொஞ்சம் கம்போஸ்ட். கட்டிட வேலைக்கு வாற நைசான மணல் வேண்டாம், அது களியோட சேர்ந்தா இன்னும் இறுகும். மேட்டில நடேக்க சாடியில எந்த மட்டத்தில நிண்டுதோ அதே மட்டம்தான், தண்டை மண்ணுக்குள்ள புதைக்காதேங்கோ, பாமுக்கு வேர் எல்லாம் அடித்தண்டில இருந்துதான் புதுசு புதுசா வாறது, அந்த இடம் அழுகினா மரம் ஆடத் தொடங்கும். வேரைப் பிரிச்சு உதறவும் வேண்டாம், பாம் வேருக்கு அது பிடிக்காது, மண்கட்டியோட அப்பிடியே இறக்குங்கோ. இடம் எண்டா வீட்டின்ர தெற்குச் சுவர் ஓரம், வடகிழக்குக் காத்துக்கு மறைவு, ஆனா கூரைத்தண்ணி சொட்டுற இடத்துக்கு நேர கீழ வையாதேங்கோ. சரிவான வளவு எண்டா கீழ்ப்பள்ளத்தில குளிர்க்காத்து வந்து தேங்கும், அதையும் விடுங்கோ.

சாடியில வைக்கிற ஆக்களுக்கு: ஜோன் இன்னஸ் நம்பர் 3 எண்ட, மண் கலந்த சாடிக் கம்போஸ்டில மூண்டில ஒரு பங்கு கிரிட், பெர்லைட் கலந்து போடுங்கோ. சாடிக்குக் கீழ கல்லு மூண்டை வைச்சு உயர்த்துங்கோ, வின்டரில தட்டு வையாதேங்கோ. சாடிக்குள்ள வேர் நாலு பக்கத்தாலயும் உறையும், நிலத்தில நிக்கிறதை விடக் கெதியா அடிபடும், அதால சுவரோரம் ஒதுக்கிச் சாக்காலயோ பப்பிள் ராப்பாலயோ சாடியைச் சுத்துங்கோ, சாடியை மட்டும், செடியை இல்லை.

கோடையில எதிர்மாறு. இவ்வளவு நேரமும் தண்ணி வேண்டாம் எண்டு கத்தினன், ஆனா மேயில இருந்து ஓகஸ்ட் வரைக்கும் தாராளமா ஊத்துங்கோ, ட்ராக்கி நல்லாக் குடிக்கும், நல்லாத் தின்னும். மாட்டெரு கிடைச்சா மேல பரப்புங்கோ, கிடைக்காட்டி கோழியெருக் குளிசை பக்கற்றில விக்கிறாங்கள், அதோட பொட்டாசியமும் மக்னீசியமும் உள்ள பாம் பசளை. ஓகஸ்ட் முடியப் பசளையை நிப்பாட்டுங்கோ, பிந்திப் போட்டா இளம் ஓலை வந்து குளிருக்குள்ள மாட்டுப்படும். நல்லா ஊன்றின ட்ராக்கி ஒரு வருசத்துக்கு ஒரு அடி வரைக்கும் தண்டு உயரும், முதல் ரெண்டு மூண்டு வருசம் ஒண்டும் நடக்காத மாதிரி நிக்கும், அப்ப கீழ வேர்தான் ஓடுது, பொறுங்கோ. ஓலை வெட்டுறதிலயும் கைப்பரபரப்பு வேண்டாம். காவோலையை வெட்டலாம், பச்சை ஓலை மரத்தின்ர சாப்பாடு, நுனி கருகினதுக்காக முழு ஓலையையும் வெட்டாதேங்கோ.

வின்டருக்கு மூடுறதைப் பற்றித்தான் ஆக்களுக்குக் கூட ஆர்வம், ஒக்டோபரிலயே பொலித்தீன் பையைக் கொண்டுவந்து மரத்தைச் சுத்திக் கட்டிப்போட்டு மார்ச்சில அவிழ்ப்பினம். உள்ளுக்க வேர்த்து, காத்தில்லாம, பூஞ்சணம் பிடிச்சு, குருத்து அழுகிக் கிடக்கும். நட்டு ஒண்டு ரெண்டு வருசம் போன ட்ராக்கிக்கு லண்டனில மூடவே தேவையில்லை. தேவை ஒரு குடைதான். மூண்டு மூங்கில் தடியை ஊண்டி, ஒளி போற பிளாஸ்டிக் தகடு ஒண்டைச் சரிவா, குருத்துக்கு மேல, பக்கத்தால காத்துப் போற மாதிரிக் கட்டிவிட்டாக் காணும், மழைத்தண்ணி குருத்துக்குள்ள இறங்காது. கமரொப்ஸ், பூட்டியாவுக்கும் அதேதான். கடும் உறைபனி, மைனஸ் ஏழு எட்டு எண்டு சொன்னா மட்டும் ஓலையளை மேல சேர்த்துக் கட்டி பிளீஸ் எண்டுற, காத்துப் போற மெல்லிய தோட்டத்துணியால சுத்துங்கோ, குளிர் விட்ட உடன அவிழ்த்திடுங்கோ. கிறிஸ்மஸ் லைற் சுத்துற பழக்கமும் இருக்கு, அது பழைய சூடாகுற குண்டு பல்ப் எண்டாத்தான் பிரயோசனம், இப்ப வாற எல்ஈடி வடிவுக்கு மட்டும்.

வாழைக்கு வருவம். எங்கட இதரையும் கதலியும் கப்பலும் அங்க வெளியில வராது, மூசா பாஸ்ஜூ எண்ட வாழை வரும். ஜப்பான் வாழை எண்டு பேர், ஊர் சீனா. பழம் தின்னேலாது, இலைக்கும் வடிவுக்கும்தான். காத்து மறைவில நிண்டா இலை கிழியாம ஒருத்தருக்குச் சோறு போடுற அளவுக்கு வரும், பொங்கலுக்கு எண்டு நினைச்சா ஏமாறுவியள், தையில அங்க இலை ஒண்டும் இராது. முதல் உறைபனிக்கு இலை முழுக்கக் கறுத்துத் தொங்கும், பயப்பிடாதேங்கோ. இலையளை வெட்டி எறிஞ்சு தண்டை விடுங்கோ. தண்டைச் சுத்தி ஒரு அடி தள்ளிக் கம்பிவலையை வட்டமாக் கட்டி, உள்ளுக்க காய்ஞ்ச வைக்கோலை இறுக்காம நிரப்பி, மேல மழை போகாம ஒரு தகடு. ஏப்ரலில பிரியுங்கோ. தண்டு அழுகியிருந்தா பச்சைச்சதை தெரியிற வரைக்கும் அறுத்து இறக்குங்கோ, நடுவால இலை தள்ளும். தண்டு முழுக்கப் போனாலும் கிழங்குக்கு மேல அரை அடிக்கு வைக்கோல், சருகு கிடந்தா குட்டி வரும். சிவப்பு இலை எத்தியோப்பிய வாழை, என்செட் எண்டுறது, அது வேற சாமான், குட்டியும் வைக்காது, உறைபனியும் தாங்காது, ஒக்டோபரில கிண்டி இலையை வெட்டி மண்ணை உதறி, தலைகீழாப் பிடிச்சுத் தண்ணியை வடியவிட்டு, குளிரேறாத காரேஜில கிட்டத்தட்டக் காய வைச்சிருக்கோணும்.

மரப்பன்னம் ஆசை உள்ளவைக்கு டிக்சோனியா அன்டார்ட்டிகா, டாஸ்மேனியாப் பக்கத்தது. நுவரெலியாப் பக்கம் போன ஆக்கள் ஹக்கலையில மரப்பன்னங்களைப் பாத்திருப்பியள், ஈரமும் நிழலும் உள்ள பள்ளத்தில நிக்கும். இதுக்கு மட்டும் என்ர ஈரக்கதை பொருந்தாது. தண்டை மூடியிருக்கிற அந்தத் தும்பு வேர்தான், கோடையில தண்டுக்கும் உச்சிக்கும் தண்ணி ஊத்தோணும். வின்டரில உச்சிக் கிண்ணத்துக்குள்ள ஒரு பிடி வைக்கோலைத் திணிச்சு ஓலையை மேல மடிச்சு விடுங்கோ, அது காணும். கல்வாழை, சேம்பு எல்லாம் கோடைக்கு அள்ளி வளரும், கிழங்கை ஒக்டோபரில கிண்டிக் காய்ஞ்ச மணலுக்குள்ள வையுங்கோ. ஒரு வேலையும் செய்ய நேரமில்லாத ஆக்கள் ஃபட்சியா ஜப்போனிக்கா எண்ட பெரிய இலைச் செடியை நிழலில நட்டுப்போட்டு மறந்துவிடலாம்.

கடைசியா குருத்தழுகல். வாட்ஸ்அப்பில எனக்கு வாற படங்களில பாதி உதுதான். பெப்ரவரி, மார்ச்சில நடுக்குருத்தை ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா மேல இழுத்துப் பாருங்கோ. இறுக்கமா நிண்டா ஒண்டுமில்லை. சும்மா உருவிக்கொண்டு வந்து, அடி மண்ணிறமா களியாகி, மணந்து பாத்தா புளிச்ச கள்ளு நாத்தம் அடிச்சா அழுகல் பிடிச்சிட்டுது. இஞ்ச எண்டா தோட்டக்காரர் போர்டோக் கலவை எண்ட செம்பு மருந்தோட வருவினம், அங்க செம்பு மருந்து வீட்டுத்தோட்டத்துக்கு இப்ப விக்கிறேல்லை. கழண்டதெல்லாத்தையும் எடுத்திட்டு, மருந்துக்கடையில வாற 3 வீத ஹைட்ரஜன் பெராக்சைட்டைக் குருத்துக் குழிக்குள்ள ஊத்துங்கோ, நுரைச்சுக்கொண்டு வரும். நாலைஞ்சு நாள் விட்டுத் திரும்ப ஊத்துங்கோ, நுரை குறையிற மட்டும். மேல குடையைக் கட்டி மழை படாம வையுங்கோ, அந்த நேரம் பசளை ஒண்டும் வேண்டாம். மண் சூடாகி ஜூன் ஜூலையில குழிக்குள்ள இருந்து ஒரு குட்டை ஓலை, சிலநேரம் பாதி வெட்டுப்பட்ட மாதிரி, கோணலா வரும், அது அழுகல் தொட்ட ஓலை, அதையும் வெட்டாம விடுங்கோ, அதுக்குப் பின்னால வாறது நேராகும். ட்ராக்கி எண்டா ஒரு முழுக்கோடையும் பாத்திட்டுத்தான் கிண்டி எறியிற கதை கதைக்கோணும்.